சரிபார்க்கப்பட்ட கட்டைவிரல்

நான் வேலை பார்ப்பது தானியக் கிடங்கின் எடைமேடையில். லாரி வந்து ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடங்களாக இதுதான் பிழைப்பு. வருடத்துக்கு ஒரு முறை மாநில அரசாங்கத்திலிருந்து ஓர் ஆள் இரும்புக் கட்டிகளோடு வருவார். மேடையைச் சோதிப்பார். சரியாக இருந்தால் பச்சை வில்லை ஒட்டிவிட்டுப் போவார். வில்லை இல்லாத மேடையில் ஒரு மூட்டைச் சோளம்கூட வாங்க முடியாது. வாங்கினால் லிண்டர் ஊர் விவசாயிகள் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகனை அளந்த கருவிக்கு வில்லை கிடையாது. அந்தக் கருவி, வெண்டல் என்கிற கிழவருடைய வலது கட்டைவிரல்.

என் மகன் ஓரின் பதினோராம் வகுப்பு. பேஸ்பாலில் கேட்சர். அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் வீசுகிற கண்டதையும் பிடிப்பவன். எட்டு வயதிலிருந்து குந்திக்கொண்டே இருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் நாற்காலி காலியாக இருந்தாலும் பக்கத்தில் குந்துவான். அவன் ஆசை ஒன்றே ஒன்றுதான்: பள்ளி முடிந்த பிறகும் இன்னும் சில வருடம் குந்த வேண்டும். அதற்கு ஒரு கல்லூரி அவனை எடுக்க வேண்டும். பையனுக்கு ஆடத் தெரிந்தால் எவனாவது வந்து பார்த்து எடுத்துக்கொள்வான் என்று நானும் என் கணவர் டுவெய்னும் நினைத்திருந்தோம். எங்களைப் போன்ற அப்பாவிகளை நம்பித்தான், பையன்களை அளந்து கல்லூரிகளுக்குக் காட்டுகிற தொழிலே நடக்கிறது.

முதலில் வந்தது அழைப்பு. 'வெரிமெட்ரிக் தேர்வு முகாம்' என்ற நிறுவனம் அனுப்பியிருந்தது. 'அன்புள்ள ஓரின், உங்களை நாங்கள் நெடுநாளாகக் கூர்ந்து கவனித்துவருகிறோம். நாடு முழுவதும் சலித்துப் பொறுக்கி எடுத்த மிகச் சிலரில் நீங்கள் ஒருவர்.' நான் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். மறுநாள் டுவெய்னுக்கும் ஒன்று வந்தது. அவரையும் நெடுநாளாகக் கவனித்திருக்கிறார்கள். இடது கை பிட்சராக நல்ல எதிர்காலம் இருக்கிறதாம். டுவெய்னுக்கு வயது நாற்பத்தேழு. வலது கைக்காரர். முழங்கால் ஒன்று செயற்கை.

"போகலாமா வேணாமா?" என்று கேட்டேன்.

"நான் போகல. பயலக் கூட்டிட்டுப் போ," என்றார் டுவெய்ன்.

கடைசியில் மூவரும் போனோம். மைதானம் முழுக்க இருநூற்று நாற்பது பையன்கள், ஒவ்வொருவன் முதுகிலும் ஓர் எண். பதிவு மேஜையில் இருந்த பெண்ணிடம், ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ஆட்டமா?" அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "ஆட்டம் ஆடினா எப்படி மேடம் அளக்கிறது? ஆளாளுக்கு ஓடிக்கிட்டே இருப்பாங்களே!"

எனக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. லாரி ஓடிக்கொண்டிருந்தால் என்னாலும் எடை போட முடியாது.

அளந்தார்கள். உயரம், எடை, கை நீளம், மட்டையின் வேகம், நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம். கேட்சர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று உண்டு. பந்து கையுறையில் 'டப்' என்று விழுந்த நொடியிலிருந்து, அவன் எழுந்து எறிந்து, இரண்டாவது பேஸில் நிற்பவன் கைக்குப் போய்ச் சேரும்வரை எவ்வளவு நேரம் என்பது. பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடுகிறவனைப் பிடிக்க இதுதான் ஆயுதம். இரண்டு நொடிக்குள் வந்தால் கல்லூரிகள் பேசும். இரண்டைத் தாண்டினால் பேசாது.

அதை அளப்பவர்தான் வெண்டல். ஒரு மடக்கு நாற்காலி, கழுத்தில் தொங்கும் கடிகாரம், மடியில் சூரியகாந்தி விதைப் பாக்கெட். 'டப்' என்றால் ஓர் அழுத்து, மறுமுனையில் 'டப்' என்றால் இன்னோர் அழுத்து. நடுவில் விதைத் தோலைத் துப்புவார்.

"ரெண்டு பாயின்ட் ஜீரோ எட்டு," என்றார் வெண்டல்.

அந்த எண் ஒரு பெரிய திரையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு நீலக் குறி, அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது'. யார் சரிபார்த்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். வெண்டல் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தார், உப்பு.

மதியம் பெற்றோருக்கு வகுப்பு. பிராக்ஸ்டன் டன்னல் என்ற ஆலோசகர் எடுத்தார். பல் வரிசை அவருக்கு நன்றாக அமைந்திருந்தது.

"பெற்றோர்களே, ஒரு ரகசியம் சொல்றேன். கல்லூரி கோச்சுங்க உங்க பையனப் பாக்குறதில்ல, உங்களத்தான் பாக்குறாங்க. அம்மா தண்ணி பாட்டில் கொண்டுபோய்க் குடுத்தா, பையன் பேர அடிச்சிடுவாங்க. அப்பா வேலியப் புடிச்சிக்கிட்டு நின்னா, அடிச்சிடுவாங்க. பையன் நல்லா ஆடும்போது ரொம்பக் கை தட்டாதீங்க. சுத்தமா தட்டாமயும் இருக்காதீங்க. முகத்த நடுநிலையா வச்சுக்கப் பழகுங்க. எங்க, எல்லாரும் ஒரு தடவ செஞ்சு காட்டுங்க பாப்போம்."

நூற்றுக்கணக்கான தாய் தந்தையர் முகத்தை நடுநிலையாக்க முயன்றார்கள். பிராக்ஸ்டன் வரிசை வரிசையாக நடந்து பார்த்துக்கொண்டே வந்து டுவெய்ன் முன்னால் நின்றார்.

"எல்லாரும் இந்த சாரப் பாருங்க! இந்த மாநிலத்துலயே இப்படி ஒரு நடுநிலை நான் பாத்ததில்ல. சார், எப்படிப் பழகுனீங்க?"

"என்னது?" என்றார் டுவெய்ன். எங்கள் வயலில் உருண்டு உருண்டு தண்ணீர் தெளிக்கும் இயந்திரத்தின் மூன்றாவது சக்கரம் ஏன் சேற்றில் சிக்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கை தூக்கினேன். "என் பையன்கிட்ட ஒண்ணு இருக்குங்க. பிட்சர் பதறிப்போனா அவன் எழுந்து போய் ரெண்டு வார்த்தை பேசுவான். அந்தப் பிட்சர் சரியாயிடுவான். எங்க ஊர்ல டாபின்னு ஒரு பையன், வீசுனா பந்து எந்த ஊருக்குப் போகும்னே தெரியாது. அவனே இவன் குந்தியிருந்தா ஒழுங்கா வீசுவான். அத எந்தக் கட்டத்துல எழுதுறது?"

பிராக்ஸ்டன் கனிவோடு சிரித்தார். "அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சும்மா. 'மற்றவை'ன்னு. போன வருஷம் எடுத்துட்டோம். அதுல எழுதுனவங்க யாருமே தேறல."

ஆக, எங்கள் வீட்டில் அடுத்த ஒரு வருடம் நொடியில் நூற்றில் எட்டுப் பங்கைத் தேடுவதில் போனது. கண்ணிமைக்கும் நேரம் அதைவிட அதிகம் என்று டுவெய்ன் எங்கோ படித்தார். ஓரின் ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுத்தான். காலையில் ஆறு முட்டை தின்றான். கொட்டகையில் நனைந்த துண்டை எறிந்து பழகினான். அவன் எறிவதற்காக டுவெய்ன் கொட்டகையில் இருந்த தகரத் தானியப் பெட்டியின் பக்கவாட்டில் வட்டம் வரைந்தார். இப்போது அந்தப் பெட்டி அம்மை வந்த முகம்போல இருக்கிறது. குளிர்காலம் முழுக்க 'டங் டங்' என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஆறு முட்டையைக் கடையில் வாங்கினேன்.

மார்ச் மாதம் மறுபடி முகாம். வெண்டல், விதை, 'டப்', 'டப்'. இரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு.

"பரவால்லியே தம்பி," என்றார் வெண்டல். "நல்ல நிலையா இருக்கே!"

அந்த மாதமே, மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியது. பெயர் வேண்டாம், வம்பு. 'அன்புள்ள ஓர்லின், தற்சமயம் உங்கள் திறமைக்கும் எங்கள் தேவைக்கும் பொருத்தமில்லை.' ஓரின் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். 'டங் டங்' என்று இருட்டும்வரை கேட்டது. அந்தப் பயல் இதை விரும்பிய அளவுக்கு எதையும் நான் விரும்பியது கிடையாது, டுவெய்ன் உட்பட.

ஜூன் மாதம் மூன்றாவது முகாம். இந்த இடத்தைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேலிக்கு இந்தப்புறம் பத்தடி தூரத்தில், நடுநிலை முகத்தோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் புது விதைப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். அது கிழியவில்லை. ஓரின் கையுறையில் பந்து விழுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் வெண்டல் பதறி, தாமதமாக அழுத்தினார். பாக்கெட் கிழிந்தது, விதை சிதறியது. மறுமுனையில் 'டப்'. திரையில் எண் விழுந்தது.

ஒன்று புள்ளி ஒன்பது நான்கு. நீலக் குறி. சரிபார்க்கப்பட்டது.

பிராக்ஸ்டன் எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் அப்பவே சொன்னேன்ல?" எதையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வீடு போய்ச் சேர்வதற்குள் பதினொரு கோச்கள் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோர் கண்ணிலும் ஓரின் எப்போதுமே இருந்திருக்கிறான். அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமை கோச் மாண்ட்ரலே கூப்பிட்டார். "ஓரின்! முதல் நாள்லேர்ந்தே எங்க பட்டியல்ல முதல் ஆளு நீதான் தம்பி. குடும்பத்தோட வா, நம்ம இடத்த வந்து பாரு."

போனோம். வாசலில் ஒரு பெரிய திரையில் 'வருக ஓர்லின்' என்று எழுதியிருந்தது.

முதலில் புகைப்படம். ஓரினுக்குச் சீருடை மாட்டி, முகத்தில் கறுப்புக் கோடு இழுத்து, ஓர் இருட்டறையில் நிறுத்தினார்கள். கீழேயிருந்து இயந்திரம் புகை விட்டது. "கோவமாப் பாரு! அம்மாவக் கொன்னவனப் பாக்குற மாதிரி பாரு!" என்று புகைப்படக்காரர் கத்தினார். ஓரின் என்னைப் பார்த்தான். நான் கையசைத்தேன். புகை அதிகமாகி அபாய மணி அடித்து, கட்டடத்தையே காலி செய்து, வெளியே புல்வெளியில் நின்றபோதும் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். விளையாட்டு வீரர்கள் பகலில் தூங்குவதற்கு முட்டை வடிவத்தில் கூடுகள். முடி வெட்ட ஆள். தோல்வியைப் பற்றி யோசிப்பதற்கென்றே நீல விளக்குப் போட்ட ஓர் அறை. மைதானத்தை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். புதுச் செயற்கைப் புல் விரிக்கும் வேலை நடப்பதால் யாரும் கால் வைக்கக் கூடாதாம்.

கடைசியில் கோச் மாண்ட்ரலின் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். ஓரமாக, கையில் பலகையோடு ஓர் உதவியாளர்.

"மிஸஸ் வாசெக், இங்க நாங்க எண்ண எடுக்கிறதில்ல, மனுஷன எடுக்கிறோம். இத நான் இந்த நாற்காலியில உக்கார்ற ஒவ்வொரு ஒன்னு தொண்ணூத்திநாலுகிட்டயும் சொல்றேன். இது ஒரு குடும்பம். போன வருஷம் இந்தக் குடும்பத்துல முப்பத்தாறு பேரு. பதினெட்டுப் பேர வெளிய அனுப்பிட்டு, வேற காலேஜ்லேர்ந்து பெரிய பசங்களாக் கொண்டுவந்தோம். அதுல ஒருத்தனுக்கு ரெண்டு கொழந்த. குடும்பம்னா அப்படித்தான? இன்னொண்ணு, உங்க பையன விட்டுட்டு நான் எங்கயும் போயிட மாட்டேன். வீட்ட விக்கிறதுக்குப் போட்டிருக்கேன், அது வேற விஷயம்."

"ரொம்ப நன்றி," என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்போது ஓரின் தொண்டையைச் செருமினான். "சார், அந்த எண்ணு தப்பு சார்."

"எந்த எண்ணு?"

"ஒன்னு தொண்ணூத்திநாலு. அளந்தவரு விதை பாக்கெட்ட கிழிச்சிக்கிட்டிருந்தாரு. லேட்டா அழுத்திட்டாரு. நான் எப்பவும் ரெண்டு பாயின்ட் ஜீரோ எட்டுதான் சார்."

மாண்ட்ரல் பெருமிதமாகச் சிரித்தார். "அடக்கம்! என்னா அடக்கம் பாத்தியா! எழுதிக்க."

உதவியாளர் எழுதிக்கொண்டார்: குணம், பத்துக்குப் பத்து.

"சார், நெசமாத்தான் சொல்றேன்."

"தம்பி, நீ சொல்றது உன் அபிப்பிராயம். அது சரிபார்க்கப்பட்ட எண்ணு."

"அப்ப நீங்களே அளந்து பாத்துடுங்க சார். கையுறை கார்ல இருக்கு. ரெண்டு நிமிஷம்."

மாண்ட்ரல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். "வேணாம்! வேணாம்! சுத்திப் பாக்க வந்த பையன எறியச் சொன்னா விதிப்படி என் சீட்டு கிழிஞ்சிரும். உன்ன எடுத்ததுக்கு அப்புறம்தான் நீ எறியுறத நான் பாக்க முடியும். பாத்துட்டா எடுக்க முடியாது. வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இந்த எடம் உனக்குத்தான். யோசிச்சுச் சொல்லு."

காரில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவன் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் ஆசை.

"போட்டுரு ஓரின். நீ பொய் சொல்லலையே. உண்மையச் சொன்ன, அவங்க கேக்கல. உன் தப்பு இல்லடா இது."

"அம்மா, உன் மேடையில ஒரு லாரிக்கு எடை தப்பா விழுந்தா சும்மா விட்ருவியா?"

"அது சோளம்டா!"

"அப்ப நான் சோளத்தவிட மட்டமா?"

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அங்க போனா ஒன்னு தொண்ணூத்திநாலு எறியணும்மா. என்னால முடியாது. மொத நாளே தெரிஞ்சிரும். அப்புறம் அந்த முட்டைக்குள்ள போய்ப் படுத்துக்கணும். நான் ஆடணும்மா. சும்மா சீருடை மாட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா இவ்ளோ?"

"டுவெய்ன், நீயாவது சொல்லேன்," என்றேன்.

"மூணாவது சக்கரத்துல கல்லு மாட்டியிருக்கும்னு நெனக்கிறேன்," என்றார் டுவெய்ன். சிறிது நேரம் கழித்து, "பய சொல்றது சரி," என்றார்.

மறுநாள் வெரிமெட்ரிக் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எண்ணைத் திருத்த வேண்டும் என்றேன். ஒரு பெண் உற்சாகமாகப் பேசினாள்.

"தாராளமா மேடம்! எண்ணு மோசமா இருக்குன்னு சொல்றதுக்கு மூணு படிவம் இருக்கு. எது அனுப்பட்டும்?"

"மோசமா இல்லம்மா. ரொம்ப நல்லா இருக்கு. அதத்தான் திருத்தணும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், உங்களுக்கு உங்க பையன்மேல ஏதாவது கோவமா?"

அவளுடைய மேலாளர் வந்தார், அவருக்கும் மேலாளர் வந்தார். எவருக்கும் அதற்குப் படிவம் தெரியவில்லை. ஒரே வழி, மறுபடி முகாமுக்கு வந்து மறுபடி அளந்துகொள்வது, புது எண் பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள். பக்கத்து மாவட்டத்தில் வியாழக்கிழமை ஒரு முகாம் இருந்தது.

வியாழக்கிழமை நேராக வெண்டலிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"தெரியும்மா. அன்னைக்குத் தப்பா அழுத்திட்டேன். நைட்டு தூக்கம் வரல. ஆனா நீலக் குறி விழுந்துட்டா அத அழிக்க எனக்கே அதிகாரம் கெடையாது." விதைப் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். "இன்னைக்கு கரெக்டா அழுத்துறேன்."

ஓரின் குந்தினான். அவனுடைய தோள் அவ்வளவு தளர்வாக இருந்து நான் பார்த்ததே இல்லை. தோற்பதற்கென்றே வந்தவனுக்கு என்ன பயம்? முதல் எறி. வெண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று. நான் வேலியைப் பிடித்தேன். இரண்டாவது எறி, இரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. மூன்றாவது எறியில் பந்து போனது எனக்குத் தெரியவில்லை, மறுமுனையில் சத்தம் மட்டும் கேட்டது.

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒன்னு பாயின்ட் ஒம்பது ஒம்பது," என்றார்.

ஓரின் முகமூடியைக் கழற்றி வானத்தில் எறிந்தான். "அம்மா! இது என்னுதும்மா! நெசமாவே என்னுது!" நடுநிலையாவது ஒன்றாவது, நான் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினேன். டுவெய்ன் இருந்த இடத்திலேயே நின்று, முகம் கோணி, ஊரறிய அழுதார். கிழவரும் எழுந்து கைதட்டினார். நொடியில் நூற்றில் ஒன்பது பங்கு, ஒரு வருடத்தில், துண்டும் முட்டையும் தகரப் பெட்டியுமாகச் சேர்ந்து சம்பாதித்தது.

நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது திரையில் எண் விழுந்தது. பக்கத்தில் நீலக் குறி. அதற்கும் பக்கத்தில், இதுவரை நாங்கள் பார்க்காத ஒன்று, கீழ்நோக்கிய சிவப்பு அம்பு. 'வீழ்ச்சிப் போக்கு.'

கார் நிறுத்துமிடத்தை அடைவதற்குள் மாண்ட்ரல் கூப்பிட்டுவிட்டார். "ஓர்லின், நாங்க வேற பக்கம் போலாம்னு இருக்கோம். உனக்கு எப்பவும் இங்க ஒரு குடும்பம் இருக்கு." அழைப்பைத் துண்டித்துவிட்டார். மற்ற பத்துப் பேர் கூப்பிடக்கூட இல்லை.

முகாமுக்கு வந்திருந்த பிராக்ஸ்டனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "ரெண்டுக்குள்ள வந்தாப் போதும்னீங்களே! வந்துட்டானே!"

"ரெண்டு பாயின்ட் ஜீரோ எட்டுலேர்ந்து வந்திருந்தா உலகமே பின்னாடி ஓடிவந்திருக்கும்மா. இவன் ஒன்னு தொண்ணூத்திநாலுலேர்ந்துல்ல வர்றான்! பதினேழு வயசுலயே சரியுற பையன யாரு எடுப்பா?"

"அந்த ரெண்டு பாயின்ட் ஜீரோ எட்டு எங்க போச்சு?"

"நல்ல எண்ணு வந்ததும் பழச அழிச்சிடுவோம். உங்க பையன் நல்லதுக்குத்தான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஓரின் அழவில்லை. கைபேசியை மட்டும் எப்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான். கொட்டகைச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் கோழிகள் மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. அந்த முட்டைகளைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஊர் அணிக்கு அந்தக் கோடையின் கடைசி ஆட்டம். வெயில் தாழ்ந்த நேரம். எங்கள் பக்கத்துப் பிட்சர், நான் முன்பு சொன்ன டாபி. அன்று அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. பந்து மண்ணில் குத்தியது, தலைக்கு மேல் பறந்தது, மட்டைக்காரன் முதுகுப் பக்கமாக வந்தது. ஓரின் ஒவ்வொன்றுக்கும் விழுந்தான், புரண்டான், நெஞ்சைக் கொடுத்தான். நான்காவது சுற்றில் எழுந்து போய் டாபியிடம் ஏதோ சொன்னான். டாபி சிரித்தான். அதன் பிறகு கொஞ்சம் ஒழுங்காக வீசினான். ஆட்டத்தைப் பார்க்க நாற்பது பேர் இருந்திருப்போம். கல்லூரிக்காரர் எவரும் வரவில்லை. கடிகாரம் வைத்திருந்த ஒரே ஆள் பாப்கார்ன் விற்ற பெண்.

நாங்கள் ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். இரண்டு ரன்னில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து ஓரின் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்பயர் எங்களை நோக்கி வந்தார். ஆட்டம் முழுக்கக் கேட்சருக்கு ஒரு முழம் பின்னால் குனிந்து நிற்பவர் அவர்தான். ஹால்வர்சன் என்று பெயர், நெட்டையான மனிதர். கால்சட்டையின் இரு கால்களையும் முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"பாருங்க," என்றார், தன் கணுக்காலைக் காட்டி.

பார்த்தோம். வெள்ளையாக, முடியோடு இருந்தது.

"ஒண்ணுமில்லையே," என்றேன்.

"அதத்தாம்மா சொல்றேன்! இருபத்திரெண்டு வருஷமா அம்பயரா நிக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கால், தோள், தாடைன்னு எங்கயாவது வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இன்னைக்கு அந்தப் பிட்சர் பையன் வீசுன வீச்சுக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். ஒரு பந்து, ஒரே ஒரு பந்து என் மேல படல. உங்க பையன் எல்லாத்தையும் வாங்கிட்டான்." ஓரின் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பய பதறுனப்ப போய் என்ன சொன்ன?"

"பாப்கார்ன் தீரப்போகுது, சீக்கிரம் முடின்னு சொன்னேன் சார்."

ஹால்வர்சன் சத்தமாகச் சிரித்தார். பிறகு தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷக் காலேஜ் ஒண்ணுல கணக்கு வாத்தியாரு நான். கோச்சும் நான்தான். மைதானத்துல புல்லு வெட்டுறதும் நான்தான், பஸ் ஓட்டுறதும் நான்தான். பெரிய எடம் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். ஆனா வாரத்துக்கு நாலு ஆட்டம். உன்ன வெளிய உக்கார வைக்க மாட்டேன், ஏன்னா உனக்குப் பதிலா குந்த அங்க வேற ஆளே கெடையாது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வரியா?"

ஓரின் என்னைப் பார்த்தான், அவன் அப்பாவைப் பார்த்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடு பயலே, இந்த ஒரு முறையாவது வாயை மூடு என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"சார், ஒண்ணு முன்னாடியே சொல்லிடணும். நான் ஒன்னு பாயின்ட் ஒம்பது ஒம்பதுதான் சார். அதுவும் ஒரே ஒரு தடவதான்."

ஹால்வர்சன் கால்சட்டையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"எதுல?" என்றார்.